டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமம்: முதன்முறையாக விண்ணப்பிப்போருக்கான செய்முறை விளக்கம்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள, 21 வயது நிரம்பிய ஒருவர், உரிமம் ஏதுமின்றியே அதை உறையிலிட்டோ சட்டைக்குள் மறைத்தோ பொது இடங்களுக்கு எடுத்துச் செல்லலாம். அப்படியிருக்க உரிமத்துக்கு ஏன் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே.

காரணங்கள் மூன்று. டெக்சாஸ் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. துப்பாக்கி வாங்கும்போது, படிவத்தை நிரப்பினால் போதும். கடைக்காரர் கூட்டாட்சிப் பின்னணிச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் என் பார்வையில் முக்கியமானது: பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் செல்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது, மாநில உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு. ஃபிரிஸ்கோ, கேட்டி போன்ற புறநகர்களில் ஏதாவது ஒரு பள்ளியின் 1,000 அடி எல்லையைத் தொடாமல் மளிகைக் கடைக்குப் போய்வருவதே அரிது.

முதல் படி: தகுதியைச் சரிபார்த்தல்

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. எச்-1பியில் இருந்துகொண்டு கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவருக்கும் இந்தத் தடை பொருந்தும். நண்பருடைய துப்பாக்கியை வாங்கிச் சுடுவதும், பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரக்கூடியவை. வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். எனினும், துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றவே போதுமான காரணம் என்பதால், குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெறாமல் அந்த விலக்கை நம்பி இறங்க வேண்டாம்.

வயது 21 என்பதே சட்டத்தில் எழுதப்பட்டுள்ள வரம்பு. 18 முதல் 20 வயதினரை விலக்கிவைப்பது செல்லாது என்று 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்துள்ளது. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு உரிமம் கிடைக்காது. கிளாஸ் ஏ, கிளாஸ் பி வகைச் சிறுகுற்றங்களில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் தண்டனை பெற்றிருந்தாலும் கிடைக்காது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதன்முறை பிடிபடுவதும் கிளாஸ் பி குற்றமே என்பது பலருக்குத் தெரிவதில்லை. இத்தகைய வழக்கு நிலுவையில் இருந்தாலும், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை ஒருவர் மீது இருந்தாலும், குழந்தைப் பராமரிப்புத் தொகையோ மாநில வரியோ பாக்கி இருந்தாலும் விண்ணப்பம் நிற்கும்.

இரண்டாம் படி: வகுப்பும் சுடும் தேர்வும்

டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் சான்று பெற்ற பயிற்றுநரிடம் நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பில் அமர வேண்டும். எப்போது வன்முறையைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது, சச்சரவை வன்முறையின்றி முடிப்பது எப்படி, துப்பாக்கியைக் கையாள்வதும் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டிவைப்பதும் எப்படி என்பவையே பாடம். வகுப்பை இணையவழியிலும் முடிக்கலாம். ஆனால் சுடும் தேர்வுக்கு நேரில் சென்றே ஆக வேண்டும். புதியவர்களுக்கு நேரடி வகுப்பையே பரிந்துரைப்பேன்; சட்டப் பகுதியில் எழும் சந்தேகங்களை அங்கேயே கேட்டுத் தெளியலாம்.

எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு பெற்றால் போதும். சுடும் தேர்வில் மனித உருவ இலக்கை நோக்கி 50 தோட்டாக்கள் சுட வேண்டும்: 3 கஜ தொலைவில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், தேர்ச்சிக்கு 175. துப்பாக்கியையே தொட்டறியாதவர் நேராகத் தேர்வுக்குப் போகாமல், அதற்கு முன் தொடக்கநிலைப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குச் சென்றுவருவது நல்லது. தேர்ச்சி பெற்றதும் பயிற்றுநர் எல்டிசி-100 என்னும் சான்றிதழைத் தருவார். அதைப் பத்திரமாக ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இணைய விண்ணப்பம்

பொதுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வகுப்புக்கு முன்போ பின்போ, எதை முதலில் செய்தாலும் தடையில்லை. ஓட்டுநர் உரிமம், மின்னஞ்சல் முகவரி, கட்டணம் செலுத்தக் கடன் அட்டை ஆகியவை கையில் இருக்கட்டும். கட்டணம் 40 டாலர். 2017-க்கு முன்பு அது 140 டாலராக இருந்தது.

கடந்த ஐந்து ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகளையும் வேலை பார்த்த இடங்களையும் கேட்பார்கள். திட்டத்துக்குத் திட்டம் ஊர் மாறிய மென்பொருள் துறையினருக்கு இதுவே பெரிய தலைவலி. கிரீன் கார்டுக்காக நீங்கள் தாக்கல் செய்த ஐ-485 விண்ணப்பத்தின் நகலில் அக்காலத்து முகவரிகளும் வேலைகளும் தேதியோடு இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மனநல சிகிச்சை, மது, போதைப்பொருள், குற்றப் பின்னணி பற்றிய கேள்விகளுக்கு எதையும் மறைக்காமல் பதில் எழுதுங்கள். தள்ளுபடியான பழைய வழக்கையும் குறிப்பிட்டு, நீதிமன்ற ஆவணத்தை இணையுங்கள்.

நான்காம் படி: கைரேகையும் காத்திருப்பும்

விண்ணப்பம் பதிவானபின், ஐடென்டோகோ மையம் ஒன்றில் நேரம் பெற்றுக் கைரேகை பதிய வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எல்டிசி-100 சான்றிதழையும் கேட்கப்பட்ட பிற ஆவணங்களையும் இணையதளத்தில் ஏற்றியதும் உங்கள் பங்கு முடிகிறது. விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையான நாளிலிருந்து 60 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது பொது விதி.

உரிமம் கைக்கு வந்தபின்

முதல் உரிமம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளும், புதுப்பித்தபின் ஐந்தைந்து ஆண்டுகளும் செல்லும். வீடு மாறினால் 30 நாள்களுக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கியுடன் இருக்கும்போது காவலர் அடையாள அட்டை கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு இதையும் சேர்த்து நீட்டுங்கள்.

உரிமம் இருந்தாலும் நுழையக் கூடாத இடங்கள் உண்டு: நீதிமன்றம், வாக்குச்சாவடி, பள்ளிக் கட்டடம், விமான நிலையத்தின் சோதனைக்கு அப்பாலுள்ள பகுதி, சிவப்பு எழுத்தில் 51 விழுக்காடு என்று (வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே அருந்தும் மது விற்பனையிலிருந்து வருவதைக் குறிக்கும்) பலகை வைத்த மதுக்கூடம். கடை வாசலில் 30.06 என்ற எண்ணுடன் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அறிவிப்பு இருந்தால், மறைத்துக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது, 30.07 என்பது வெளியே தெரியும்படி கொண்டுவருவதற்கான தடை. வழிபாட்டிடங்களில், அறிவிப்பு இல்லாத வரை, 2019 முதல் சட்டத் தடை இல்லை. ஆயினும் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் எண்ணமிருந்தால், முதலில் நிர்வாகத்திடம் கேட்டுவிடுவதுதான் முறை.

சுடும் பயிற்சிக்கு எடுத்துச் செல்லும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், குறிப்பாக ஊருக்குப் போகும்போது. டெக்சாஸ் உரிமத்துக்கு இந்தியாவில் எந்த மதிப்பும் இல்லை. அங்கே உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பையின் ஓரத்தில் சிக்கிய ஒரே ஒரு தோட்டாவுக்கும் சென்னை விமான நிலையத்தில் காவல்துறைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.