செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் சுடும் நடுவே நின்றுபோனால்: தோட்டா ஓட்டத்தையும் மேகசினையும் சரிபார்க்கும் முறை

செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் சுட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால், பலரும் உடனே, குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் போல்ட் என்ற பாகத்தின் கைப்பிடியைப் பிடித்து வேகமாக இழுத்துவிடுகிறார்கள். சிக்கிய தோட்டா வெளியே விழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டக்கூடிய தடயமும் அதோடு போய்விடும். துப்பாக்கி எந்த நிலையில் நின்றது, போல்ட் எவ்வளவு தூரம் பின்னால் வந்திருந்தது, சுட்ட தோட்டாவின் காலி உறையான ஷெல் எங்கே இருந்தது, அடுத்த தோட்டா தோட்டாக்களைச் சேமித்து வைக்கும் மேகசினை விட்டு வெளியே வந்திருந்ததா என்ற நான்கையும் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும். பழுதுபார்ப்பதில் பாதி வேலை அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடுகிறது.

அந்தப் பார்வைக்கும் முன்னால் வருவது பாதுகாப்பு. குழலின் முனை சுடுதளத்தின் இலக்குப் பக்கமே இருக்கட்டும். விரல் டிரிக்கரை விட்டு விலகியிருக்கட்டும். டிரிக்கரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், துப்பாக்கியை அதே திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடிகளாவது, முடிந்தால் 60 விநாடிகள் வரை, காத்திருந்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக அமுங்கிய ஒலி கேட்டால், அடுத்த தோட்டாவை எக்காரணம் கொண்டும் சுடக் கூடாது. துப்பாக்கியை முழுவதும் காலி செய்து, குழலைக் கழற்றி வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, தோட்டாவுக்குள் மருந்தையும் குண்டையும் பிரிக்கும் வாட் எனப்படும் அடைப்பு எதுவும் தங்கவில்லை என்பதை உறுதி செய்தாக வேண்டும். வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது உண்மையான தோட்டாக்களை அந்த அறையிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். கையால் இயக்கிச் சோதிப்பதற்கு மருந்தில்லாத டம்மி தோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஒரு முறை சுடும்போது நடப்பதை வரிசையாகத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். தோட்டா வெடித்ததும் போல்டின் பூட்டு விடுபடுகிறது. எக்ஸ்ட்ராக்டர் சுட்ட ஷெல்லின் விளிம்பைப் பற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடமான சேம்பரிலிருந்து இழுக்கிறது. எஜெக்டர் அதைப் பக்கவாட்டில் தள்ளி எறிகிறது. அதற்குள் மேகசினிலிருந்து ஒரே ஒரு தோட்டா விடுபட்டு லிஃப்டரின் மேல் வந்து அமர, லிஃப்டர் அதை உயர்த்த, திரும்பி வரும் போல்ட் அதை சேம்பருக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. இவ்வளவையும் இயக்கும் விசை மூன்று வழிகளில் கிடைக்கிறது. ரெமிங்டன் 1100, பெரெட்டா ஏ400 போன்றவை குழலிலிருந்து சிறிது வாயுவை எடுத்து பிஸ்டனைத் தள்ளுகின்றன. பெனெல்லி எம்2 போன்றவை துப்பாக்கியின் பின்னுதைப்பையே விசையாக மாற்றும் இனர்ஷியா முறையில் இயங்குகின்றன. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ 5 துப்பாக்கியில் குழலும் போல்டும் ஒன்றாகவே பின்னால் நகர்கின்றன. உங்களுடையது எந்த முறை என்று தெரியாமல் தீர்வு தேடுவதில் பொருளில்லை.

எனவே முதலில், கோளாறு விசைக் குறைவினாலா அல்லது தோட்டா வந்து சேரும் வழியிலா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மேகசினைக் காலியாக வைத்து, சேம்பரில் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுடுங்கள். பெரும்பாலான மாடல்களில் கடைசித் தோட்டா சுடப்பட்டதும் போல்ட் பின்னாலேயே நின்றுவிடும். அப்படி நின்று, ஷெல்லும் நன்றாகத் தள்ளிப்போய் விழுந்தால் விசை போதுமானதாக இருக்கிறது. கோளாறை மேகசின் பக்கம் தேடலாம். போல்ட் முன்னால் வந்து மூடிக்கொண்டாலோ, ஷெல் காலடியிலேயே சோர்ந்து விழுந்தாலோ, ஷெல் வெளியேறும் துவாரத்தில் செங்குத்தாகச் சிக்கிக்கொண்டாலோ விசை பற்றவில்லை என்று பொருள். ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அதே பெட்டியிலிருந்து இன்னும் நாலைந்து தோட்டாக்களை இதே முறையில் சுட்டுப் பாருங்கள்.

விசை பற்றாதபோது

துப்பாக்கியைப் பிரிக்கும் முன் தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 24 கிராம் குண்டு கொண்ட மென்மையான பயிற்சித் தோட்டா ஒரு துப்பாக்கியில் தடையின்றி ஓடும். இன்னொன்றில் ஒவ்வொரு முறையும் நிற்கும். குறிப்பாக 89 மி.மீ. சேம்பர் கொண்டு, கனத்த வேட்டைத் தோட்டாவுக்கென்று அமைந்த துப்பாக்கிகள் மென்மையான தோட்டாக்களில் அடிக்கடி தடுமாறும். அதே துப்பாக்கியில் 32 அல்லது 36 கிராம் தோட்டாவை இட்டதும் எல்லாம் சரியாகிவிட்டால், பழுது எதுவும் இல்லை. தோட்டாவும் துப்பாக்கியும் பொருந்தவில்லை என்பதே விஷயம். புதிய துப்பாக்கிகள் சிலவற்றுக்கு முதலில் சில பெட்டி கனத்த தோட்டாக்களைச் சுட்டு உராயும் பாகங்களைப் பழக்க வேண்டியிருக்கும். 44 மி.மீ. அளவுள்ள குட்டித் தோட்டாக்கள் பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக்குகளில் ஓடுவதே இல்லை. அதைக் குறையாகக் கருத வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். தோட்டாவின் மேல் குறிக்கப்படும் நீளம், சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். ஆகவே 76 மி.மீ. தோட்டா சுடப்படாத நிலையில் 70 மி.மீ. சேம்பருக்குள் நுழைந்துவிடக்கூடும், சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் அபாயகரமாக உயரும். அதேபோல் விட்டத்தில் சிறிய 20 கேஜ் தோட்டா தவறுதலாக அதைவிடப் பெரிய 12 கேஜ் துப்பாக்கிக்குள் போனால் சேம்பரைத் தாண்டிச் சென்று குழலில் தங்கிவிடும்; அதன் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகத்தான். வலுவான தோட்டாவைத் தேடிப் போகிறவர் குழலில் பொறித்திருக்கும் அளவைத் தாண்டக் கூடாது.

தோட்டாவில் குறையில்லை என்றால், வாயுவால் இயங்கும் துப்பாக்கியில் பார்க்க வேண்டிய இடம் முன்கைப் பிடிக்கு அடியில் இருக்கிறது. பிஸ்டனும், அது ஓடும், குழலுக்கு அடியில் இருக்கும் மேகசின் குழாயின் மேற்பரப்பும் கரி படிந்து கறுத்திருக்கும். கரைப்பானில் ஊறவைத்துத் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையிலேயே மீண்டும் பொருத்துவது நல்லது. நிறைய எண்ணெய் விட்டால் அது கரியோடு குழைந்து பசையாகி, குளிர்ந்த நாட்களில் பாகங்களை இன்னும் மந்தமாக்கும். எண்ணெய் அதிகமானதால் நின்ற துப்பாக்கிகள், எண்ணெய் குறைந்ததால் நின்றவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல என்பது என் கருத்து. குழலில் உள்ள சிறு வாயுத் துளைகளை மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யுங்கள்; அவற்றைத் துரப்பணம் கொண்டு பெரிதாக்குவது கூடவே கூடாது. ரெமிங்டன் 1100 வைத்திருப்பவர்கள் வாயுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ ரிங்கை விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்போ கிழிசலோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். சுத்தம் செய்த மறுநாளே கோளாறு தொடங்கியது என்றால், பிஸ்டனோ அதன் வளையமோ திசை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். மேகசின் மூடி முழுவதும் இறுகாமல் இருந்தாலும் குழல் சற்றே அசைந்து வாயு வீணாகும்.

இனர்ஷியா துப்பாக்கியில் கதை வேறு. துப்பாக்கி பின்னால் உதைக்கும் அந்தக் கணத்தில் போல்டின் கனத்த உடல் இருந்த இடத்திலேயே நிற்க முயல்வதால், அதற்கும் போல்ட் தலைக்கும் இடையிலுள்ள வலிய ஸ்பிரிங் அமுங்குகிறது. அது விரியும்போதுதான் போல்ட் பின்னால் பாய்கிறது. துப்பாக்கி தாராளமாக உதைக்க முடியாவிட்டால் ஸ்பிரிங் போதிய அளவு அமுங்காது. அதனால்தான் விளக்கு, பக்கவாட்டுத் தோட்டாப் பட்டை, நீட்டிய மேகசின் குழாய் என்று எடையைக் கூட்டியதும் மென்மையான தோட்டாக்கள் நிற்கத் தொடங்குகின்றன. கூட்டிய எடையைக் கழற்றிவிட்டுச் சுட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். தோளில் ஊன்றும் பின்கட்டையின் உள்ளே செல்லும் குழாயில் ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கும் மாடல்களில், மழையில் நனைந்த துப்பாக்கி துருப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். பின்கட்டையைக் கழற்றினால்தான் கண்ணில் படும் என்பதால் அந்த இடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். போல்டைக் கையால் மெதுவாக இழுத்துவிடும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு கைக்குத் தெரிந்தால் அங்கே பாருங்கள். டிரிக்கரை இழுத்ததும் 'கிளிக்' என்ற ஒலி மட்டும் கேட்டால், கைப்பிடி எங்கோ இடிபட்டு போல்ட் தலை முழுவதும் திரும்பிப் பூட்டாமல் நின்றிருக்கக்கூடும். இதிலும் முன்னர் சொன்னபடி காத்திருந்துவிட்டே போல்டைத் திறக்க வேண்டும்.

பழைய ஆட்டோ 5 வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது உராய்வு வளையத்தின் இடம். மென்மையான தோட்டாவுக்கு எஃகு வளையம் ஸ்பிரிங்கின் பின்னால், போல்ட் இயங்கும் நடு உடற்பகுதியான ரிசீவரை ஒட்டி இருக்கும். கனத்த தோட்டாவுக்கு அது ஸ்பிரிங்கின் முன்னால், வெண்கல உராய்வுத் துண்டை ஒட்டி, சாய்வான பக்கம் அதை நோக்கும்படி அமரும். மென்மையான தோட்டாவுக்கான அமைப்பில் கனத்த தோட்டாவைச் சுட்டுக்கொண்டே இருந்தால், துப்பாக்கி நிற்காமல் ஓடும். ஆனால் அடிமேல் அடி வாங்கி முன்கைப் பிடி பிளந்துபோகும்.

சுட்ட ஷெல் சேம்பரிலேயே தங்கிவிட்டால், போல்டுக்கு விசை இருந்தும் எக்ஸ்ட்ராக்டர் நழுவியிருக்கிறது. ஷெல்லின் விளிம்பை எடுத்துப் பாருங்கள். அதில் ஆழமான கீறல் இருந்தால் சேம்பர் ஷெல்லை இறுகப் பிடித்திருக்கிறது: துரு, உருகிப் படிந்த பிளாஸ்டிக், அல்லது வெப்பத்தில் விரிந்து ஒட்டிக்கொள்ளும் மலிவான எஃகு அடிப்பாகம் காரணமாக இருக்கலாம். சேம்பர் அளவுக்கு ஏற்ற பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் பெரும்பாலும் தீரும். விளிம்பில் கீறலே இல்லை என்றால் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில் அழுக்கு இருக்கலாம், நகம் மழுங்கியிருக்கலாம், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

மேகசின் பக்கத்துக் கோளாறுகள்

சேம்பர் காலியாக, போல்ட் மூடியபடி, மேகசினில் தோட்டா தங்கியிருக்கிறது என்றால் தோட்டா பின்னால் வரவில்லை. குழாய் மேகசினில் இதற்குக் காரணங்கள் பல. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஸ்பிரிங்குக்கும் தோட்டாவுக்கும் நடுவே நகரும் ஃபாலோயர் சாய்ந்து சிக்கியிருக்கலாம், குழாயின் உட்புறம் துருவேறியிருக்கலாம், வெளியே பட்ட அடி ஒன்று உள்ளே சிறு பள்ளத்தை ஏற்படுத்தியிருக்கலாம். மேகசின் மூடியைத் திறக்கும்போது ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும். கண்ணாடி அணிந்துகொண்டு, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தடுப்பை உள்ளங்கையால் அழுத்தியபடி மெல்ல விடுவியுங்கள். ஸ்பிரிங்கை எடுத்தபின், ஃபாலோயரை மட்டும் குழாய்க்குள் இட்டுத் துப்பாக்கியை மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அது தன் எடையாலேயே கடைசிவரை வழுக்கிச் செல்ல வேண்டும். எந்த இடத்திலாவது நின்றால் அந்த இடத்திலேயே துருவோ பள்ளமோ இருக்கிறது. உட்சுவரை உலர்ந்த துணியால் துடைத்து, கையில் ஒட்டியும் ஒட்டாத அளவுக்கு எண்ணெய் தடவினால் போதும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மீண்டும் போடுவது சில நாட்களுக்கே உதவும். புதியதை வாங்கிப் போடுவதே முறை. மேகசின் கொள்ளளவைக் கட்டுப்படுத்தும் மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ உள்ளே இருந்தால், அதன் முனை பிளந்து ஸ்பிரிங்கோடு பின்னிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழாய் சரியாக இருந்தும் சில தோட்டாக்கள் மட்டும் நின்றால் தோட்டாக்களையே சந்தேகிக்க வேண்டும். குழலைக் கழற்றித் தனியே பிடித்து, ஒவ்வொரு தோட்டாவையும் சேம்பருக்குள் விட்டுப் பாருங்கள். அது தன் எடையால் இறங்கி விளிம்பு அமர்ந்து, கவிழ்த்ததும் தானாக வெளியே விழ வேண்டும். அழுத்தினால்தான் போகிறது என்ற தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள். மறுபடி நிரப்பிய தோட்டாக்களில் அடிப்பாகம் பெருத்திருப்பதும், ஈரத்தில் இருந்த காகிதத் தோட்டாக்கள் உப்பியிருப்பதும் இதில் உடனே தெரிந்துவிடும்.

இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்து லிஃப்டரை அடைத்துக்கொண்டால், தோட்டாக்களை ஒவ்வொன்றாக விடும் ஷெல் ஸ்டாப் தன் வேலையைச் செய்யவில்லை. அழுக்கேறி அது முழுவதும் வெளியே வராமல் இருந்தால் சுத்தம் செய்வதே போதும். அதன் முனை தேய்ந்து உருண்டிருந்தால் மாற்ற வேண்டும். தோட்டா வெளியே வந்தும் மேலே எழும்பவில்லை என்றால் லிஃப்டர் வளைந்திருக்கிறதா, அதன் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கிறதா என்று டம்மி தோட்டாவை வைத்து மெதுவாக இயக்கிப் பாருங்கள்.

சைகா 12, வெப்ர் 12 போன்ற, கழற்றி மாட்டும் பெட்டி மேகசின் கொண்ட துப்பாக்கிகளில் தோட்டாவின் விளிம்பே தொல்லைக்குக் காரணமாகிறது. மேலிருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழிருக்கும் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் தள்ளும்போது ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு நின்றுவிடும். பிளாஸ்டிக் உடல் கொண்ட தோட்டாக்களை நிரப்பிய மேகசினிலேயே நெடுநாள் விட்டுவைத்தால் அவை அழுத்தத்தில் நசுங்கி வட்ட வடிவத்தை இழக்கின்றன. ஆதலால் சுடப்போகும் அன்றைக்கு நிரப்புவது நல்லது. ஒரு மேகசினில் மட்டும் கோளாறு வருகிறதா என்று அறிய மேகசின்களுக்கு எண் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடுகள் விரிந்துபோன மேகசினையோ பூட்டுப் பள்ளம் தேய்ந்த மேகசினையோ சீர்படுத்துவதைவிட ஒதுக்குவதே மேல்.

சரிசெய்தபின் மேகசினை நிரப்பிக்கொண்டு சுடத் தொடங்க வேண்டாம். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு முழு மேகசின் என்று போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து குறித்துக்கொண்டால்தான் எது பலன் தந்தது என்று தெரியும். சேம்பரை மெருகேற்றுவது, ஷெல் ஸ்டாப்பை அரத்தால் ராவுவது, வளைந்த லிஃப்டரை நிமிர்த்துவது, டிரிக்கர் தொகுதியைத் தொடுவது ஆகியவை பயிற்சி பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை. அவரிடம் கொண்டுபோகும்போது அந்தக் குறிப்பையும், எந்தத் தோட்டாவில் நின்றது என்ற விவரத்தையும், கீறல் விழுந்த காலி ஷெல் ஒன்றிரண்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.