வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? கோட்டை விடுவது இந்தக் கணக்கில்தான்

மைலேஜ் என்றால் எங்கள் தண்டையார்பேட்டையில் "லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். ஓடுகிறவர்களுக்கு அது வாரக் கிலோமீட்டர் கணக்கு. சென்னை மாரத்தான் ஜனவரியில் வரும், செப்டம்பர் பிறந்தாலே நீ இந்த வாரம் எவ்வளவு, நான் 50, அண்ணன் 80 என்று பேச்சு ஆரம்பித்துவிடும். பாதிப் பேர் காலைக் கெடுத்துக்கொள்வது இந்தப் பேச்சில்தான்.

முதல் தவறு, அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்குவது. கென்யாவின் மாரத்தான் சாம்பியன் கிப்சோகே வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார் என்று எங்கோ படித்துவிட்டு, சரி, நமக்கு அதில் பாதியாவது வேண்டாமா என்று ஒருவர் கிளம்புவார். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிப்சோகேவுக்குக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 4 நிமிடம் என்று வைத்தால் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 20 நிமிடம் ஆகும். ஏழரை நிமிடத்தில் ஓடுகிற நம் ஆள் 100 கிலோமீட்டர் போனால் பன்னிரண்டரை மணி நேரம். பாதி தூரம்தானே என்று நினைத்துக்கொண்டு கிட்டத்தட்ட அவர் ஓடும் அதே நேரத்துக்குக் காலைத் தரையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். அவர் ஓடி முடித்துப் படுத்துவிடுவார், நம் ஆள் குளித்துவிட்டு எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கப் போவார்.

என்னைக் கேட்டால், வேலைக்குப் போகிறவருக்கு 10 கிலோமீட்டர் போட்டிக்கு வாரம் 25-30, ஹாஃபுக்கு, அதாவது 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு, 35-50, ஃபுல்லுக்கு, அதாவது 42 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்கு, 50-70 போதும். அதற்கு மேல் ஓடினால் பலன் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் உடம்பு மாதக்கணக்கில் தாங்க வேண்டும்.

அடுத்தது ஏற்றுகிற வேகம். இதில் நானே அடிபட்டவன். மூன்றே வாரத்தில் 30-லிருந்து 55-க்குப் போனேன், மூச்சு வாங்கவே இல்லை, அதனால் எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் பிடிக்கும், இது எனக்கு அப்போது தெரியாது. நான்காவது வாரம் மாடிப்படி இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்பக்கம் சுருக்கென்றது. விரலை வைத்து அழுத்தினால் ஐந்து ரூபாய்க் காசு அளவு இடத்தில் உயிர் போனது. அப்படி ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், தைலம் தேய்த்துப் பார்க்கிற விஷயம் இல்லை அது. எலும்பில் சுமை கூடினால் உடம்பு பழையதைக் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும், நடுவில் சில வாரங்கள் அந்த இடம் முன்பைவிட நோஞ்சானாக இருக்கும். தளம் காயாமலே மாடியில் தண்ணீர் டேங்க் ஏற்றியவன் நான். ஆறு வாரம் ஓட்டமே இல்லை.

வாரம் 10 சதவீதம் ஏற்று என்பார்களே, அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 20 ஓடுகிறவருக்கு அது 2 கிலோமீட்டர், ஒன்றுமே இல்லை, 70 ஓடுகிறவருக்கு 7. அதையே வாராவாரம் கூட்டிக்கொண்டு போனால் எட்டு வாரத்தில் கணக்கு இரட்டிப்பாகிவிடும். ஒரே அளவில் மூன்று வாரம் இருந்துவிட்டு, நான்காவது வாரம் குறைத்து, அப்புறம் ஓடுகிற நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டுவதுதான் எனக்கு ஒத்துவந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் குவியல் தனிக் கதை. வாரநாளில் ஷிஃப்ட், டிராஃபிக், சோம்பல், அதனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் போய்த் திரும்பி ஞாயிறு மட்டும் 28, மற்ற ஆறு நாளும் சேர்த்து 12. ஆறு நாள் பட்டினி கிடந்துவிட்டு ஒரே வேளையில் ஒரு அண்டா பிரியாணி சாப்பிட்ட மாதிரி. நீண்ட ஓட்டம் வாரக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. ஃபுல்லுக்குத் தயாராகும்போது இந்த விகிதம் உடையத்தான் செய்யும், 55 ஓடுகிறவரும் சில ஞாயிறுகளில் 28, 30 போய்த்தான் ஆக வேண்டும். அந்த வாரங்களில் நடுவே ஒரு 12 அல்லது 14 இருந்தால் கால் திடுக்கிடாது.

கிலோமீட்டர் கூடும்போது வேகம் குறைய வேண்டும். பலர் இரண்டையும் சேர்த்தே ஏற்றுவார்கள், காசிமேட்டுப் பக்கம் யாராவது நம்மைத் தாண்டிப் போனால் போதும், ஈஸி ரன் அன்றைக்குப் பந்தயமாகிவிடும். கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாக வீட்டுக் கதை பேச முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அதுதான் ஈஸி. வாரக் கணக்கில் பெரும்பகுதி இப்படித்தான் போக வேண்டும்.

சாலையையும் கவனியுங்கள். தண்ணீர் வடிய ஓரம் சரிவாகப் போட்டிருப்பார்கள், தினமும் ஒரே பக்கத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து எதிர்ப்பக்கம் மாற முடியாத இடமென்றால் உள்தெருவுக்குள் போய்விடுங்கள். மே மாதத்தில் கிலோமீட்டரையே மறந்துவிடலாம். கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது, ஜனவரியில் ஓடிய அதே 10 கிலோமீட்டருக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஓடினேன் என்று எழுதிக்கொண்டால் போதும்.

விட்டுப்போன நாளைத் துரத்திப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் அசட்டுத்தனமானது. ஒரு ஞாயிறு இரவு பத்தரைக்கு, ஓடிய தூரத்தைக் கணக்கு வைக்கிற ஸ்ட்ராவா ஆப்பில் பார்க்கிறேன், வாரக் கணக்கு 48.7. ஐம்பதாகாமல் தூக்கம் வரவில்லை. லுங்கியை அவிழ்த்துவிட்டு ஷார்ட்ஸ் மாட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே முனைக்கு முனை ஓடினேன், நாய்கள் இரண்டு கூடவே வந்தன. காற்றுக்கு வாசற்படியில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு ஆயா மூன்றாவது சுற்றில் கேட்டது:

"இன்னாப்பா, எதனா தொலைச்சிட்டியா?"

1.3 கிலோமீட்டரை என்று சொல்ல வாய் வரவில்லை.