பழைய கைலி, பழைய வேட்டி, ஒரு போர்வை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அடித்தட்டில் ஒரு அரிசிப் பை இருக்கும், அதற்குள் உடுத்தவும் முடியாத, தூக்கிப் போடவும் மனம் வராத துணிகள் அமுங்கிக் கிடக்கும். அப்பாவின் கட்டம்போட்ட கைலி, அம்மாவின் பாத்தேக் என்கிற மெழுகுச் சாயத் துணி, முழங்கால் தேய்ந்த கால்சட்டை, சாயம் போன ரவிக்கை. அந்தப் பையை வெளியே எடுங்கள். கடைசியில் வரும் ஓரப்பட்டையைத் தவிர வேறெதற்கும் துணி வாங்கக் கடைக்கு ஓடவேண்டாம், தையல் மிஷினும் வேண்டாம். நான் சொல்லப்போவது அந்தத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து, முழுக்கக் கையால் போர்வை தைக்கும் முறை.

முதலில் துணியைப் பிரிக்க வேண்டும். பருத்தி மட்டும் போதும். எது பருத்தி என்று தெரியாவிட்டால் ஓரத்தில் நாலு நூல் உருவி, கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரிகிற வாசனையோடு மெத்தென்ற சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகிச் சுருண்டு கறுப்பு மணிபோல இறுகினால் பாலியெஸ்டர். பள்ளிச் சீருடைகளில் பெரும்பாலும் கலப்புதான். அதைப் போர்வையில் சேர்த்தால் பக்கத்திலிருக்கும் மெல்லிய பருத்தியை இழுத்துக்கொண்டே இருக்கும், நாலைந்து சலவையில் தையலோரம் கிழியும். பிள்ளையின் முதலாம் ஆண்டுச் சீருடையை வைத்தே ஆகவேண்டும் என்றால் அந்த வகைத் துணியை மட்டும் வைத்துத் தனியாக ஒன்று தையுங்கள்.

கைலிதான் என் முதல் தேர்வு. இங்கே காயின் பெலிக்காட் என்று சொல்கிறோமே, அந்தப் பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து வந்தது, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்த துணி. பத்து வருடம் துவைத்த கைலி ஊசிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். கட்டங்கள் நெசவிலேயே இருப்பதால் வெட்டுவதற்கு நேர்கோடும் தயாராகக் கிடைக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த நடுப்பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியும்.

பாத்தேக் விஷயத்தில் எச்சரிக்கை. என் முதல் போர்வைக்குப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்புப் பாத்தேக்கை நனைத்துப் பார்க்காமலே வெட்டினேன். மூன்று மாதம் தைத்து முடித்து, முதல் தடவை துவைத்து எடுத்தபோது வெள்ளைத் துண்டுகள் அத்தனையும் ரோஸ் நிறம். அன்றைக்கு அழுதேவிட்டேன். இப்போதெல்லாம் அடர்நிறத் துணி எதுவானாலும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்க்கிறேன்; சாயம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியாக ஊறவைத்து அலசுவேன், அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்தத் துணி போர்வைக்கு இல்லை.

அம்மா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் போட்டுப்போன நீளக்கைச் சட்டை ஒன்று என்னிடம் இருந்தது. நீலக் கோடு, முன்பக்கமெல்லாம் பால் கறை. காய்ந்த பால் துணியில் பழுப்பாக, தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும், எந்தச் சோப்புக்கும் போகாது, ஊசியும் இறங்காது. முதுகுப் பக்கத்தையும் கைகளையும் மட்டும் வெட்டி எடுத்தேன், பதினோரு சதுரம் தேறியது. இப்படி உழைப்புத் துணியில் போர்வை தைத்ததில் பேர்போனவர்கள் அமெரிக்காவின் அலபாமாவில், பழைய பருத்தித் தோட்டமான கீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள். அங்கே மிசௌரி பெட்வே என்ற அம்மாள் 1942-ல் கணவர் இறந்ததும் அவருடைய வேலைத் துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகளை 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் தொங்கவிட்டது, 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. தோட்டத்துத் துணி என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, துணி சேர்ந்துவிட்டது. இப்போது இரண்டு குவியலாகப் பிரியுங்கள், வெளிர் ஒன்று, அடர்த்தி ஒன்று. போர்வையின் அழகு முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது. நிறம் எது, பூ எது என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், ஆனால் சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் ஒன்றோடொன்று கலந்துபோகும், கட்டமே கண்ணுக்குத் தெரியாது. துணிகளைத் தரையில் பரப்பிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். எது எந்தக் குவியல் என்று அந்தப் படம் சொல்லிவிடும். இரண்டிலும் சேராத நடுத்தரத் துணிகளை முதல் போர்வையில் ஒதுக்கிவிடுவதே நல்லது.

முதல் போர்வைக்கு நைன் பேட்ச் என்கிற ஒன்பது துண்டுக் கட்டத்தைத் தவிர வேறெதையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. மூன்றுக்கு மூன்று, நாலு மூலையிலும் நடுவிலும் அடர்த்தி, மீதி நாலும் வெளிர். ஒவ்வொரு துண்டும் தைத்தபின் 3 அங்குலம், ஆக ஒரு கட்டம் 9 அங்குலம். எல்லாக் கட்டத்தையும் துண்டுகளால் நிரப்பவேண்டாம். ஒன்று துண்டுக் கட்டம், அடுத்தது வெறும் வெளிர் சதுரம் என்று மாற்றி மாற்றி வைத்தால் வேலை பாதியாகக் குறையும், அடர்த்தித் துண்டுகள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு போர்வை முழுக்கச் சாய்வாகச் சங்கிலி போல ஓடும். அகலத்தில் 5, நீளத்தில் 7, மொத்தம் 35 கட்டம்: 18 துண்டுக் கட்டம், 17 வெறும் சதுரம். அதற்கு 90 அடர்த்தித் துண்டு, 72 வெளிர்த் துண்டு. வெறும் சதுரங்களை 9½ அங்குலமாக வெட்டவேண்டும், ஒரு நாலு முழ வேட்டியிலேயே பதினேழும் வந்துவிடும். சுற்றிலும் 4 அங்குல ஓரம் கொடுத்தால் 53க்கு 71 அங்குலம், ஒரு ஆள் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம்.

வெட்டும்போது அளவுத் தகடு வேண்டும். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் சரியாக 3 அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அட்டையில் வெட்டினால் ஐம்பது துண்டு வரைவதற்குள் முனை மழுங்கிவிடும். துணியின் உள்பக்கத்தில், நெசவு இழை போகும் திசையிலேயே தகடை வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள், அடுத்ததை வரைய நடுவில் அரை அங்குலம் விடுங்கள், அந்த இடைவெளியின் நடுவே வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குக் கிடைத்துவிடும். வெட்டு கொஞ்சம் கோணினாலும் பாதகமில்லை, நாம் தைக்கப்போவது பென்சில் கோட்டின் மேல்.

அந்தக் கோடுதான் எல்லாம். ஒவ்வொரு தையலும் கோட்டுக்கு ஒரு வீசம் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) உள்ளே போனால் ஒவ்வொரு துண்டும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் சுருங்கும், மூன்று துண்டு சேர்ந்தால் காலே அரைக்கால் (எட்டில் மூன்று பங்கு). 9 அங்குல வெறும் சதுரத்தோடு அது எப்படிச் சேரும்? இழுத்துப் பிடித்துச் சேர்ப்பீர்கள், போர்வை அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கும்.

நூல் ஒற்றையாக, ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளம் கூடினால் சிக்கும். 9 அல்லது 10-ஆம் நம்பர் ஊசி. இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, மேல் துண்டின் கோட்டு முனையில் குண்டூசியைக் குத்துங்கள், அது அடித்துண்டின் கோட்டு முனையில்தான் வெளியே வரவேண்டும். வராவிட்டால் நகர்த்தி மறுபடியும் குத்துங்கள். இரண்டு முனையும் சரியானதும் ஊசியை மேலும் கீழுமாக விட்டுக்கொண்டே போகும் ஓட்டுத் தையல், அங்குலத்துக்கு எட்டு. துணியின் விளிம்பில் தொடங்காமல் கோட்டு முனையில் தொடங்கி, கோட்டு முனையிலேயே முடித்து, இரண்டு இடத்திலும் ஊசியைப் பின்னால் கொண்டுவந்து ஒரு பின் தையல் போட்டுவிடுங்கள். நாலு தையல் போட்டதும் திருப்பிப் பாருங்கள், பின்பக்கக் கோட்டிலும் ஊசி இறங்கியிருக்கிறதா என்று. எனக்கு இது பழகவே நாலைந்து கட்டம் ஆனது.

மூன்று மூன்றாக வரிசை, மூன்று வரிசை ஒரு கட்டம். தையல் மடிப்புகளை எப்போதும் அடர்த்தித் துணிப் பக்கமே படுக்கவைத்து இஸ்திரி போட்டால், மேல் வரிசையில் மடிப்பு வெளிப்பக்கமும் நடு வரிசையில் உள்பக்கமும் போகும், வரிசைகளைச் சேர்க்கும்போது ஒன்றுக்குள் ஒன்று பதிந்து முனைகள் தானாகக் கூடும். இஸ்திரியை இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள். மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் மடிப்பைத் தைத்து அமுக்காமல், ஊசியை அதன் அடி வழியாக மறுபக்கம் விட்டுத் தொடருங்கள். ஒரு கட்டத்தில் 36 அங்குலத் தையல் இருக்கிறது, எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சாயங்காலம் நாடகம் ஓடும் நேரத்தில் ஒன்று முடிந்துவிடும்.

கை பழகிவிட்டால் அடுத்தது லாக் கேபின். அமெரிக்காவில் 1860களில் பரவிய கட்டம் இது, ஒரு மரக்குடிசைக்கு கட்டைகளை அடுக்குவதுபோல நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே போவது. நடுவில் சிவப்பு வைப்பது வழக்கம், அதை வீட்டின் அடுப்பு என்று சொல்வார்கள். 2½ அங்குலச் சதுரம் ஒன்று, 1½ அங்குலப் பட்டைகள், மூன்று சுற்று, தைத்து முடித்தால் 8 அங்குலம். அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர்த்தி என்று வைத்தால் கட்டமே மூலைக்கு மூலை வெயிலும் நிழலுமாகப் பிரியும். சட்டைக் கைகளிலும் கால்சட்டையிலும் சதுரம் தேறாத நீளத் துண்டுகளுக்கு இதைவிட நல்ல இடமில்லை.

கட்டங்களையெல்லாம் இதேபோல வரிசை வரிசையாகச் சேர்த்து, சுற்றிலும் ஓரமும் வைத்து மேல்துணி முடிந்ததும் நடுவில் என்ன வைப்பது? கடையில் விற்கும் தடித்த பாலியெஸ்டர் பஞ்சு நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம், வேர்த்து ஊற்றும். கெக்காபு என்கிற இலவம் பஞ்சும் ஆகாது. தலையணைக்குச் சரி, போர்வையில் துவைத்ததும் உருண்டு மூலைக்குப் போய்விடும். நான் வைப்பது பழைய வெள்ளை மெத்தை விரிப்பு ஒன்று. வெள்ளைதான் வேண்டும், பூப்போட்டதை வைத்தால் வேட்டித் துணி வழியே நிழலாகத் தெரியும். பின்பக்கம் வரும் அடித்துணி மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 3 அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும்.

சிமெண்டுத் தரையைத் துடைத்து அடித்துணியை விரித்து ஓரங்களில் டேப் ஒட்டி, மேலே நடுத்துணி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே போகும்படி ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். முதுகு வலிக்கும், இரண்டு பேர் இருந்தால் நல்லது, என் சின்னம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தால் நான் எதிர்ப்பக்கம் உட்காருவேன்.

அப்புறம் உண்மையான தையல். மூன்று துணியையும் பிடிக்கும் ஓட்டுத் தையல், இதையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். நூல் முடிச்சை மேல்துணிக்குள் வெடுக்கென்று இழுத்தால் சின்ன டக் சத்தத்தோடு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம் அது. அடர்த்தித் துண்டுகளின் மூலைக்கு மூலை சாய்வாகக் கோடு போட்டுத் தைத்தால் சங்கிலி எடுப்பாகத் தெரியும், வெறும் சதுரங்களுக்கும் அந்தக் கோட்டையே நீட்டுங்கள், உள்ளங்கை அகலத்துக்கு மேல் தைக்காத இடம் இருக்கக்கூடாது. இங்கே அங்குலத்துக்கு ஆறு தையல் போதும், எண்ணிக்கையைவிட எல்லாம் ஒரே அளவாக இருப்பதுதான் அழகு. நடுவிரலுக்கு விரல் உறை போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

விளிம்பை மூடும் ஓரப்பட்டைக்கு 2½ அங்குலப் பட்டைகளை இணைத்து சுமார் 260 அங்குல நீளம் வேண்டும். இரண்டாக மடித்து, வெட்டு விளிம்பை மேல்துணி விளிம்போடு சேர்த்துத் தைத்து, மடிப்பைப் பின்பக்கம் திருப்பி, நூல் வெளியே தெரியாத ஒளித் தையல். முதலில் நைந்துபோவது இந்த ஓரப்பட்டைதான், அதனால் பழைய துணி வேண்டாம், இதற்கு மட்டும் புதிதாக இரண்டு மீட்டர் அடர்நிறப் பருத்தி வாங்கிவிடுங்கள். பின்பக்க மூலையில் யாருடைய துணிகள், எந்த வருடம் தைத்தது என்று நூலால் எழுதுங்கள்.

துவைப்பது குளிர்ந்த தண்ணீரில். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் இரண்டு கொடிக்கு மேலே படுக்கப் போடுங்கள், ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈர எடை தையலை இழுக்கும். மழை மாதத்தில் துவைக்கவே வேண்டாம், உள்துணி காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் காலையிலேயே தண்ணீரில் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.