சிஎன்சி லேத்தில் பார் ஃபீடரைப் பொருத்தி இயக்கும் முறை

கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரமான சிஎன்சி லேத்துக்கு 3 மீட்டர் நீளக் கம்பியைத் தானாக ஊட்டும் பார் ஃபீடரைப் பொருத்தும்போது, அதன் மையக்கோடு கம்பியைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் மையக்கோட்டோடு உயரத்திலும் பக்கவாட்டிலும் ஒன்றி நிற்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால், பின்னர் எழும் அதிர்வை வேறு எந்தத் திருத்தத்தாலும் முழுதாகப் போக்க இயலாது. ஃபீடரின் கால்களை ஆங்கர் போல்ட்டால் தரையோடு இறுக்கிய பின், இறுக்கும்போதே மையம் சற்று நகர்ந்துவிடக்கூடும் என்பதால், மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

ஸ்பிண்டில் துளைக்கும் கம்பிக்கும் இடையே வெற்றிடம் மிகுந்தால், சுழலும் கம்பி சாட்டைபோல் வீசும். அதைத் தடுக்கவே கம்பியின் விட்டத்துக்கு ஏற்ற லைனர் என்னும் உட்குழாயைச் செருகுகிறோம். கம்பி நேராக இருக்க வேண்டும். முனையில் பிசிறு நீக்கி, விளிம்பைச் சரிவாக்கிச் சேம்ஃபர் செய்யாவிட்டால் அது, கம்பியை இறுக்கிப் பிடிக்கும் காலட்டுக்குள் நுழையாமல் முட்டி நிற்கும்.

ஊட்டும் நீளம் என்பது உருப்படியின் நீளம், அதை வெட்டிப் பிரிக்கும் பார்ட்டிங் டூலின் அகலம், முகம் (முனைப் பரப்பு) கடைவதற்கான அளவு ஆகியவற்றின் கூட்டுத்தொகை: 40 மி.மீ. உருப்படி, 3 மி.மீ. டூல், 0.5 மி.மீ. கடைசல் எனில் 43.5 மி.மீ. கடைசியில் மிஞ்சும் துண்டைத் தனியே கணக்கிடவும்.

புதிய கம்பியைக் குறைந்த வேகத்தில் சுழற்றத் தொடங்கி, அதிர்வு இல்லை என உறுதியான பிறகே வேகத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். ஃபீடரின் மூடி திறந்திருக்கையில் ஸ்பிண்டில் சுழலாதபடி தடுக்கும் இன்டர்லாக்கை ஒவ்வொரு ஷிஃப்ட்டின் தொடக்கத்திலும் சோதித்துவிடுங்கள்.