பாக்கெட்டில் வாங்குவதை வீட்டிலேயே செய்து வைக்க: பருப்புப் பொடி முதல் புளிக்காய்ச்சல் வரை

அண்ணன் மகள் சென்னையில் வேலை கிடைத்து, தோழிகள் இரண்டு பேரோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினாள், சூப்பர் மார்க்கெட் பில். உப்புமா மிக்ஸ், புளியோதரை பேஸ்ட், இஞ்சி பூண்டு பேஸ்ட், பருப்புப் பொடி என்று வரிசையாக இருந்தது. அடியில் அவள் எழுதியது: "அத்தை, வீட்லதான் சாப்பிடறோம், ஆனா ஹோட்டல்ல சாப்பிட்ட மாதிரி காசு போகுது."

வாய்ஸ் மெசேஜில் அவளுக்கு விட்டுவிட்டுச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். அடி கனமான ஒரு வாணலி, ஒரு மிக்ஸி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தால் போதும். நான் கப் என்று சொல்வது 200 மில்லி டம்ளர்.

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் கடையில் ஒரு வேலை இருக்கிறது. உப்புமா மிக்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொருள்களின் பட்டியலை எடை அதிகமுள்ளதில் தொடங்கித்தான் போட வேண்டும் என்பது விதி. முதலில் நிற்பது ரவை. அடுத்து விலை அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கிராம் எத்தனை பைசா என்று பொடி எழுத்தில் இருக்கும். அது 25 பைசா என்றால் கிலோ 250 ரூபாய். ரவை கிலோ என்ன விலை என்று அதே கடையின் அடுத்த அலமாரியில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள வித்தியாசம் கொஞ்சம் எண்ணெய்க்கும் பருப்புக்கும், மிச்சமெல்லாம் உங்களுக்காக யாரோ நின்று வறுத்ததற்கு.

அந்த வறுப்பில்தான் விஷயமே இருக்கிறது. பாக்கெட் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கக் காரணம் அதில் ஈரம் இல்லாததுதான். ஈரத்தை எடுக்க முடியாத பண்டமானால் புளிப்பையும் உப்பையும் ஏற்றுவார்கள், அதற்கு மேல், பட்டியலில் 211 என்ற எண்ணோடு வருகிற, கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் சேர்ப்பதும் உண்டு. அது ஒன்றும் விஷம் இல்லை, குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் மூன்று வாரத்தில் காலியாகப் போகிற பாட்டிலுக்கு அது எதற்கு? ஆகவே ஈரமே இல்லாத பண்டத்தில் ஆரம்பித்து, ஈரம் உள்ளதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் இந்த வரிசையிலேயே போனால் கை பழகிவிடும்.

பருப்புப் பொடி

துவரம்பருப்பு 1 கப், பொட்டுக்கடலை கால் கப், காய்ந்த மிளகாய் 8, மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், கல்லுப்பு ஒன்றரை டீஸ்பூன்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்காதீர்கள். ஒவ்வொன்றும் சிவக்கிற நேரம் வேறு. துவரம்பருப்பைச் சிறுதீயில் கைவிடாமல் கிளறினால் எட்டிலிருந்து பத்து நிமிஷம் ஆகும். வாசனை வந்துவிட்டது என்று இறக்கிவிடாமல் ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பாருங்கள். கடுக்கென்று உடைய வேண்டும். பல்லில் ஒட்டினால் உள்ளே இன்னும் பச்சைதான். அப்படி அரைத்த பொடியைச் சோற்றில் போட்டால் முதல் வாயிலேயே பச்சை வாடை அடிக்கும். பருப்பை இறக்கிவிட்டுச் சொட்டு எண்ணெயில் பெருங்காயம், மிளகாய், மிளகு, சீரகத்தை வறுத்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், சூடு ஏறினால் போதும். கல்லுப்பை வெறும் வாணலியில் அது வெடித்துப் படபடக்கும்வரை பிரட்டினால் அதில் இருக்கிற ஈரமும் போய்விடும்.

நன்றாக ஆறியபின் மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டி, கொஞ்சம் நறநறப்பாக அரையுங்கள். அரைத்ததும் ஜாரே சுடும். அந்தச் சூட்டோடு பாட்டிலில் அடைத்தால் மூடிக்கு அடியில் வியர்க்கும். ஒரு பேப்பரில் பத்து நிமிஷம் பரப்பி வைத்துவிட்டு அடையுங்கள். ஒரு மாதம் மணம் போகாது.

உப்புமா மிக்ஸ்

என் முதல் உப்புமா மிக்ஸ் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பூத்தது. ரவையை அருமையாக வறுத்திருந்தேன். ஆனால் பச்சைமிளகாயைச் சமையலுக்கு வதக்குவது போல லேசாக வதக்கிச் சேர்த்துவிட்டேன். பாட்டிலைத் திறந்தால் ஒவ்வொரு மிளகாய்த் துண்டைச் சுற்றியும் ரவை குட்டிக் குட்டி உருண்டையாக ஒட்டி, சாம்பல் நிறத்தில் நூல் விட்டிருந்தது. அரைக் கிலோ ரவை குப்பைக்குப் போனது.

வேண்டியவை: பம்பாய் ரவை 500 கிராம், எண்ணெய் 5 மேசைக்கரண்டி, கடுகு 2 டீஸ்பூன், கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, பச்சைமிளகாய் 7, இரண்டு அங்குல இஞ்சி, கறிவேப்பிலை 3 கொத்து, பெருங்காயத்தூள் அரை டீஸ்பூன், தூள் உப்பு இரண்டரை டீஸ்பூன். முந்திரி உங்கள் இஷ்டம். மாசக் கடைசி என்றால் வேர்க்கடலை.

1. முதல் நாள் இரவே கறிவேப்பிலை, மிளகாய், இஞ்சியைக் கழுவித் துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் விட்டுவிடுங்கள். காலையில் மிளகாயையும் இஞ்சியையும் பொடியாக நறுக்குங்கள். துண்டு பெரிதானால் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

2. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்ததும் பருப்புகளும் முந்திரியோ வேர்க்கடலையோ. பருப்பு நிறம் மாறத் தொடங்கும்போதே இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலையைப் போட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். இப்போது கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை. போட்டவுடன் 'சொய்ங்' என்று பெரிதாகச் சத்தம் வரும், நுரைக்கும். அது தண்ணீர் ஆவியாகிற சத்தம். கிளறக் கிளறச் சத்தம் சலசலவென்று குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போகும். மிளகாய் சுருங்கி வெளுத்து, கறிவேப்பிலை கரண்டி பட்டால் நொறுங்கும். அதுவரை அவசரப்படக் கூடாது. பருப்பு அதற்குள் கருகிவிடும் போலிருந்தால் பருப்பை மட்டும் அரித்து எடுத்து வைத்துவிட்டு மிளகாயைத் தொடருங்கள்.

3. பெருங்காயத்தைத் தூவி, ரவையைக் கொட்டிச் சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வறுங்கள். நிறம் மாற வேண்டாம். கரண்டியால் அள்ளிச் சாய்த்தால் ஆற்றுமணல் போலச் சரிந்து விழ வேண்டும்.

4. அடுப்பை அணைத்து உப்பைக் கலந்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் அடி சிவந்துவிடும்.

இது வெளியே ஒரு மாதம், ஃபிரிட்ஜில் இரண்டு மாதம் இருக்கும். உப்பும் பருப்பும் அடியில் இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்கிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் முதல் உப்புமா சப்பென்றும் கடைசி உப்புமா கரிக்கவும் செய்யும்.

சமைக்க, ஒரு கப் மிக்ஸுக்கு இரண்டரை கப் தண்ணீர். தளதளவென்று கொதிக்கும்போது தூவிக் கிளறி, மூடி, சிறுதீயில் நான்கு நிமிஷம். ஹாஸ்டலில் எலக்ட்ரிக் கெட்டில் மட்டும் இருக்கிறவர்களுக்கு: எவர்சில்வர் டப்பாவில் மிக்ஸைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை இரண்டு பங்கு ஊற்றிக் கலந்து, இறுக மூடி எட்டு நிமிஷம் விடுங்கள். அடுப்பில் செய்தது போல வராது. ஆனால் காலை ஏழரை மணிக்கு அது போதும்.

புளிக்காய்ச்சல்

இந்த நாலில் கடைச் சரக்கை வீட்டுச் சரக்கு தூக்கிச் சாப்பிடுவது இதில்தான். கடைப் பேஸ்டில் எனக்குப் பிடிக்காதது எண்ணெய். புளியோதரைக்கு நல்லெண்ணெய் இல்லையென்றால் அது வெறும் புளிச்சோறு. பட்டியலில் என்ன எண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புளி 100 கிராம், அதாவது இரண்டு பெரிய எலுமிச்சை அளவு. பழைய புளியாக இருந்தால் நல்லது. மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும் புதுப்புளி வெளிர் பழுப்பாக இருக்கும், காய்ச்சினாலும் அந்தக் கருஞ்சிவப்பு வராது. நல்லெண்ணெய் முக்கால் கப், காய்ந்த மிளகாய் 10, கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, கடுகு 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் 1 டீஸ்பூன், கல்லுப்பு 2 மேசைக்கரண்டி, கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை, நெல்லிக்காய் அளவு வெல்லம். வறுத்துப் பொடிக்க: தனியா 2 மேசைக்கரண்டி, எள் 1 மேசைக்கரண்டி, வெந்தயம் 1 டீஸ்பூன், மிளகாய் 5. வெந்தயம் கருகினால் மொத்தமும் கசக்கும், அதனால் அதைத் தனியாக வறுங்கள்.

புளியை இரண்டரை கப் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, ஓடும் கொட்டையும் போக வடிகட்டுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். புளி அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் அரிக்கும், இரும்பில் காய்ச்சினால் கறுத்துப்போய் இரும்பு வாசனை அடிக்கும். பாட்டி வீட்டுக் கல்சட்டி யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், இதற்கு அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

எண்ணெயில் பாதிக்கு மேல் ஊற்றிக் கடுகு, கடலைப்பருப்பு, கிள்ளிய மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள் என்று தாளித்துப் புளிக்கரைசலை விடுங்கள். உப்பைப் போடுங்கள். முதல் பத்து நிமிஷம் ரசம் போலத் தாராளமாகக் கொதிக்கும். அப்புறம் கெட்டியாகிக் குமிழ் பெரிதாகி, பொத் பொத்தென்று கையில் தெறிக்கும். தீயைக் குறைத்து, நீளமான கரண்டியால் அடிபிடிக்காமல் கிளறுங்கள். இருபத்தைந்து முப்பது நிமிஷத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் வளையமாகப் பிரிந்து நிற்கும். தட்டில் ஒரு சொட்டு வைத்துச் சாயுங்கள். ஓடக் கூடாது, சுற்றித் தண்ணீர் கசியவும் கூடாது. வெல்லத்தைப் போட்டுக் கரைந்ததும் அடுப்பை அணைத்து, பொடியையும் மிச்ச நல்லெண்ணெயையும் கலந்துவிடுங்கள்.

ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். அந்த எண்ணெய்ப் படலம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். குறைந்தால் நல்லெண்ணெயைச் சூடாக்கி ஆறவைத்து ஊற்றுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மாதம் கவலையில்லை. வேர்க்கடலையை மட்டும் பாட்டிலில் போடாதீர்கள், நமத்துப்போகும். சோற்றில் கலக்கும்போது வறுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு கப் அரிசிச் சோற்றுக்கு மூன்று மேசைக்கரண்டி. உதிராக வடித்த சோற்றை ஆறவைத்துக் கலந்து, அரை மணி நேரம் தொடாமல் இருந்தால்தான் புளிப்பு பருக்கைக்குள் இறங்கும்.

இஞ்சி பூண்டு விழுது

பூண்டு 200 கிராம், இஞ்சி 150 கிராம், உப்பு 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், எண்ணெய் 3 மேசைக்கரண்டி. பூண்டுப் பல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் தோல் சுலபமாகக் கழலும். கழற்றியதும் துணியில் துடைத்து ஈரம் போக ஆறவிடுங்கள். இஞ்சித் தோலுக்குக் கத்தி வேண்டாம், ஸ்பூன் விளிம்பால் சுரண்டினால் சதை வீணாகாது. தண்ணீர் விடாமல் எண்ணெயிலேயே அரையுங்கள். சில சமயம் விழுது பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் செய்கிற வேலை அது, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

இது மட்டும் விளையாட்டு இல்லை. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் படாத இடத்தில் வளர்கிற போட்டுலினம் என்ற கிருமி அதில் விஷத்தை உண்டாக்கலாம், வாசனையில் தெரியாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவிட்டு, கட்டிகளை ஒரு கவரில் போட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். ஒரு குழம்புக்கு ஒரு கட்டி. மூன்று மாதம் வரும். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

பாட்டில்களைப் பற்றி: கழுவித் துடைத்தால் போதாது, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். செய்த தேதியை ஒட்டுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது. அண்ணன் மகள் தன் புளிக்காய்ச்சல் பாட்டிலில் தேதிக்குக் கீழே "ஈரக் கரண்டி போட்டவர் இந்த மாத கேஸ் காசு கட்டணும்" என்று ஒட்டியிருக்கிறாளாம்.

இதெல்லாம் நன்றாக வந்த தெம்பில் அவள் அடுத்துக் கேட்டது தக்காளி சாஸ். வேண்டாம் என்றேன். ஒரு கிலோ தக்காளியை முக்கால் மணி நேரம் காய்ச்சினால் ஒரு சின்ன பாட்டில்கூட நிறையாது, கேஸ் வேறு. தக்காளி கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கிற நாளில் ஆசைக்கு ஒரு முறை செய்து பார்க்கலாம். அப்பளம், சேமியா பக்கமும் போக வேண்டாம். அவற்றுக்கு மொட்டை மாடியும் பகல் முழுக்கக் காக்கா விரட்ட ஆளும் வேண்டும். மிளகாய்த்தூளை ஊருக்கு வரும்போது மில்லில் அரைத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.