மோனே படத்தின் முன் நிற்கும்போது

அந்தந்த நேரத்து வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிறார்கள். அதுதான் பெரிய தவறு. பிரான்சின் ரூவான் நகரத் தேவாலயத்தை இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மோனே வரைந்த படம் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: சுண்ணாம்புக் காரை பூசியதுபோலக் கரடுமுரடான வண்ணம்தான் தெரியும். ஏழெட்டு அடி பின்னால் வந்தால் கல்லும் வெயிலும் தெரியும். திரும்பக் கிட்டப் போங்கள். பார்க்க வேண்டியதே இந்த மாற்றத்தைத்தான்.

அந்த முகப்பை அவர் முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார். “ஒரே கட்டிடத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது?” என்று அலுத்துக்கொள்பவர்கள் கட்டிடத்தைத் தேடுகிறார்கள். படத்தில் இருப்பது காலை, நண்பகல், மூடுபனி. அப்புறம், இம்ப்ரெஷனிஸ்டுகள் இருந்த இடத்திலேயே மளமளவென்று வரைந்து முடித்தவர்கள் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. 1892-லும் 1893-லும் ரூவானில் தொடங்கிய அந்தப் படங்களை தன் ஜிவெர்னி வீட்டில் வைத்துத்தான் மோனே முடித்தார்.

1872-இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் அவர் வரைந்த சூரியோதயத்தை வைத்து ஒரு சோதனை செய்யலாம். போனில் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். செக்கச்செவேலென்று இருந்த சூரியன் வானத்தோடு கரைந்து ஏறக்குறைய காணாமல் போகும். நிறம்தான் வேறு, வெளிச்சத்தின் அளவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. சூரியன் மினுங்குவதுபோலத் தோன்றுவதற்கு அதுவே காரணம் என்று பார்வையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

போன் இதற்கு உதவும், ஓவியத்தின் அளவை மட்டும் காட்டாது. டாலியின் உருகும் கடிகாரங்கள் படம் 24-க்கு 33 சென்டிமீட்டர்தான். பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஏழே முக்கால் மீட்டர் அகலம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான்.

நவீன ஓவியர்கள் ஒழுங்காக வரையத் தெரியாததால்தான் இப்படி வரைகிறார்கள் என்பவர்களுக்கு, பிக்காசோ 15 வயதில் வரைந்த ‘அறிவியலும் கருணையும்’ பார்சிலோனாவில் இருக்கிறது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

நவீன ஓவியத்தில் இன்னொரு சிக்கல், உடனே அர்த்தம் தேடுவது. சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம்போல ஏதோ இருக்கும், சுற்றிலும் பொடி எழுத்துகள். எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றால் ஒன்றும் தேறாது, அவை படிப்பதற்காக எழுதியவை அல்ல. எழுத்து எங்கே நெருங்குகிறது, எங்கே வெறும் இடம் விட்டிருக்கிறார் என்று பார்த்தால் படம் பிடிபடத் தொடங்கும்.

பெயர்பெற்றவர் என்பதற்காக எல்லாமே பிடித்தாக வேண்டும் என்றும் இல்லை. இம்ப்ரெஷனிஸ்டுகளில் ரெனுவாரின் பிற்கால நிர்வாணப் பெண்கள் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. பிஸாரோ மாடி ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்த பாரிஸ் தெருக்கள் என்றால் எவ்வளவு நேரமும் பார்ப்பேன்.