மறுபடி ஓட்டினாலும் மாறாத விடை: வேர்ஹவுஸில் தரவு ஏற்றும் ஜாபை எழுதும் முறை

பல மூலங்களின் தரவை ஆய்வுக்காகச் சேர்த்து வைக்கும் வேர்ஹவுஸில், நள்ளிரவில் ஓடிய ஏற்றும் ஜாப் (தானாக ஓடும் நிரல்) பாதியில் நின்றுவிட்டது. காலையில் அதை அப்படியே மறுபடி ஓட்டலாமா என்று கேட்டால், குழுவில் ஒருவருக்கும் "ஓட்டுங்கள்" என்று துணிந்து சொல்ல வரவில்லை. எத்தனை வரிகள் ஏறின, எத்தனை ஏறவில்லை, மறுபடி ஓட்டினால் விற்பனைத் தொகை இரட்டிக்குமா என்று ஆளுக்கொரு சந்தேகம். இந்த நிலை உங்கள் குழுவில் இருந்தால், கோளாறு அந்த ஜாபை எழுதிய நாளிலேயே உள்ளே நுழைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரு முறை ஓடினாலும் ஐந்து முறை ஓடினாலும் இலக்கு அட்டவணையில் ஒரே விடை நிற்கும்படி ஜாபை எழுதிவிட்டால், மற்ற சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே சிறுத்துவிடும். ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி, டேட்டாபிரிக்ஸ், போஸ்ட்கிரெஸ் என எந்தத் தளமானாலும் வழி ஒன்றுதான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒரு வரியை அடையாளம் காட்டுவது எது என்பதே. ஆர்டர் அட்டவணை என்றால் ஆர்டர் எண் போதும் என்று தோன்றும். ஆனால் மூலத்திலிருந்து வருவது ஆர்டரின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி என்றால், ஆர்டர் எண்ணும் பொருளின் வரிசை எண்ணும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். இந்த முடிவை அட்டவணையின் விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியமாக எழுதி வைத்துவிட்டு அதற்குப் பிறகே குவெரியை, அதாவது தரவை எடுக்கும் கட்டளையை, எழுதத் தொடங்க வேண்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் பழகிவிட்டு வருபவர்கள் இங்கே தவறாமல் ஒரு முறையாவது இடறுகிறார்கள். ஒன்றைப் பிரைமரி கீ (வரியின் தனி அடையாளம்) என்று அறிவித்துவிட்டால் இரட்டை வரி நுழையாது என்பது அவர்கள் கைப்பழக்கம். ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான அட்டவணைகளிலும், பிக்குவெரியிலும், டேட்டாபிரிக்ஸிலும் பிரைமரி கீ ஓர் அறிவிப்பு மட்டுமே. அதே கீ உள்ள இரண்டாவது வரியைத் தளம் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும், கீயின்படி குழுவாக்கி ஒன்றுக்கு மேல் எண்ணிக்கை வருகிறதா என்று பார்க்கும் சிறு குவெரி ஒன்றை ஜாபின் கடைசிப் படியாகவே வைத்துவிட வேண்டும்.

கீயில் நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) வரக்கூடுமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்-இல் நல் என்பது இன்னொரு நல்லுக்குச் சமமாகாது. ஆகவே கீயில் நல் உள்ள வரி, இலக்கில் ஏற்கெனவே இருக்கும் தன் பிரதியோடு பொருந்தாமல், ஓடும் ஒவ்வொரு முறையும் புதிய வரியாகச் செருகப்படும்.

அடுத்தது நேரம். எந்த நாளின் தரவை எடுக்க வேண்டும் என்பதைக் குவெரிக்குள் "இன்றைய தேதி" தரும் செயற்கூற்றிடம் கேட்கக் கூடாது. முந்தைய நாளின் தரவை எடுக்கும் ஜாப் ஒன்று செவ்வாயின் தரவை ஏற்றத் தவறி, அதை வியாழக்கிழமை ஓட்டினால், அது புதன்கிழமைத் தரவை எடுத்துக்கொண்டு, செவ்வாயை என்றைக்கும் விட்டுவிடும். தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் ஜாபுக்கு வெளியிலிருந்து உள்ளீடாகக் கொடுங்கள். ஜாப்களைக் கால அட்டவணைப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோ போன்ற கருவிகள் இதைத் தரவே செய்கின்றன. தொடக்கம் உள்ளடங்கியதாகவும் முடிவு உள்ளடங்காததாகவும் நிபந்தனை இருக்கட்டும். பிட்வீன் என்று எழுதினால் இரு முனைகளும் உள்ளே வந்துவிடும் என்பதால், சரியாக நள்ளிரவில் பதிவான வரி இரண்டு நாள்களிலும் எண்ணப்படும். நேரங்கள் எல்லாம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்க வேண்டும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது அறிக்கையின் வேலை, ஏற்றத்தின் வேலை அன்று.

ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையையும் எடுக்காமல், கடைசியாக எடுத்ததற்குப் பின் மாறிய வரிகளை மட்டும் எடுப்பது எல்லோரும் கையாளும் முறை. "புதுப்பித்த நேரம்" என்ற நெடுவரிசையில் இதுவரை பார்த்த உச்ச மதிப்பை வாட்டர்மார்க்காகச் சேமித்துக்கொண்டு, அடுத்த முறை அதைவிடப் பெரியவற்றைக் கேட்கிறோம். பார்க்க எளிய இந்த முறைக்குள், எந்தப் பிழைச் செய்தியும் தராமல் வரிகளைத் தொலைக்கும் ஓட்டை ஒன்று இருக்கிறது. நான் பணிபுரிந்த ஓரிடத்தில், மாதக் கடைசியில் மூலத்தின் எண்ணிக்கைக்கும் வேர்ஹவுஸின் எண்ணிக்கைக்கும் இடையே சில வரிகள் குறைந்துகொண்டே வந்தன. காரணத்தைப் பிடிக்க எங்களுக்குப் பல நாள்கள் ஆயின.

நடந்தது இதுதான். மூலம் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அதில் நவ் என்ற செயற்கூறு, அது அழைக்கப்பட்ட கணத்தின் நேரத்தைத் தராது; டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகச் சேர்ந்து நிறைவேறும் மாற்றங்களின் தொகுதி) தொடங்கிய நேரத்தையே தரும். ஒரு டிரான்சாக்‌ஷன் 10:58-க்குத் தொடங்கி, ஒரு வரியைப் புதுப்பித்து, வேறு வேலைகளையும் முடித்துக்கொண்டு 11:03-க்கு கமிட் ஆகிறது (மாற்றம் உறுதியாகி மற்றவர்களுக்குத் தெரிகிறது) என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் பதிவாகும் நேரம் 10:58. எங்கள் ஜாப் 11:00-க்கு ஓடியபோது அந்த வரி இன்னும் கமிட் ஆகாததால் கண்ணில் படவில்லை. ஆனால் 10:59-க்குத் தொடங்கி உடனே முடிந்த இன்னொரு வரி பட்டது. வாட்டர்மார்க் 10:59 என்று பதிவானது. அடுத்த ஓட்டத்தில் 10:59-ஐ விடப் பெரியவற்றைக் கேட்டோம். 10:58 என்ற முத்திரையோடு தாமதமாக வெளிவந்த வரியை அதற்குப் பிறகு எந்த ஓட்டமும் கேட்கவே இல்லை. தானாக ஏறும் வரிசை எண்ணை வாட்டர்மார்க்காக வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் எண் வழங்கப்படும் வரிசையும் கமிட் ஆகும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இதற்கு மருந்து, வேண்டுமென்றே பின்னால் போய்ப் படிப்பதே. சேமித்த வாட்டர்மார்க்கிலிருந்து ஒரு குறிப்பிட்ட அளவு நேரத்தைக் கழித்து, அங்கிருந்து எடுங்கள். எவ்வளவு கழிப்பது என்பதை ஊகிக்காமல், மூலத்தில் மிக நீண்ட நேரம் ஓடும் டிரான்சாக்‌ஷன் எது என்று அந்தத் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு, அதைவிடத் தாராளமாக வையுங்கள். அரை மணி நேரம் ஓடும் பேட்ச் (தொகுப்பு வேலை) ஒன்று இருந்தால் இரண்டு மணி நேரம் கழிப்பது மிகையாகாது. வாட்டர்மார்க்கின் நுட்ப அளவையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம்: போஸ்ட்கிரெஸ் மைக்ரோவினாடி வரை சேமிக்கிறது, இடையில் உள்ள நிரல் மில்லிவினாடிக்கு மேல்நோக்கி முழுமைப்படுத்தினால், அந்த இடைவெளியில் விழும் வரிகளும் போய்விடும்.

பின்னால் போய்ப் படித்தால் ஏற்கெனவே ஏற்றிய வரிகள் மறுபடி வரும். அதனால்தான் எழுதும் பக்கமும் மறு ஓட்டத்தைத் தாங்க வேண்டும். இன்செர்ட் (புதிய வரி செருகல்) மட்டும் செய்யும் ஜாபில் இந்த மருந்தே நோயாகிவிடும்.

எழுதுவதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. நிகழ்வுகள், லாக் போன்ற, எழுதிய பின் மாறாத தரவுக்கு அந்த நாளின் பார்ட்டிஷன் (அட்டவணையில் அந்நாளுக்கான தனிப் பகுதி) முழுவதையும் நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது நல்லது. எனக்கு இதுவே விருப்பமானது, ஏனென்றால் இதில் யோசிக்க வேண்டியவை குறைவு. ஆனால் நாளின் எந்தப் பகுதியை நீக்குகிறோமோ அந்தப் பகுதி முழுவதையும் மூலத்திலிருந்து எடுத்தே திரும்ப எழுத வேண்டும். பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து செயலாக்கும் ஸ்பார்க்கில் இதைச் செய்பவர்கள் ஓர் அமைப்பைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஓவர்ரைட் (மேலெழுதும்) முறையின் இயல்புநிலை ஸ்டாட்டிக். எந்தப் பார்ட்டிஷன் என்று குறிப்பிடாமல் எழுதினால், இன்றைய ஒரு நாளை எழுதப்போய் அட்டவணையின் எல்லா நாள்களும் அழிந்துவிடும். ஸ்பார்க் 2.3 முதல் கிடைக்கும் டைனமிக் முறையைத் தேர்ந்தால், வரும் தரவில் உள்ள பார்ட்டிஷன்கள் மட்டுமே மாற்றப்படும். இந்த அமைப்பைக் கிளஸ்டரின் (கணினித் தொகுதியின்) பொது அமைப்பை நம்பி விடாமல், ஜாபின் குறியீட்டிலேயே எழுதுங்கள்.

வாடிக்கையாளர், ஆர்டர் போன்ற, மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு மெர்ஜ் பொருத்தமானது: கீ பொருந்தினால் புதுப்பி, பொருந்தாவிட்டால் செருகு. இதில் இரண்டு கண்ணிகள். முதலாவது, பின்னால் போய்ப் படித்த தொகுப்புக்குள்ளேயே ஒரே கீ இரு முறை இருக்கலாம். அப்போது எந்த வரியைக் கொண்டு புதுப்பிப்பது என்று தெரியாமல் பிக்குவெரியும், டேட்டாபிரிக்ஸின் இயல்பான அட்டவணை வடிவமான டெல்டா லேக்கும் பிழை காட்டி நிற்கும்; ஸ்னோஃப்ளேக்கும் இயல்புநிலையில் அப்படியே செய்யும். அந்தப் பிழையை அடக்கும் அமைப்பைத் தேடாதீர்கள், அது உங்களைக் காக்கிறது. மெர்ஜுக்கு முன்பே, கீயின்படி பிரித்து, புதுப்பித்த நேரத்தின் இறங்கு வரிசையில் எண்ணிட்டு, முதல் வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேரமும் சமமாக இருக்கக்கூடும் என்பதால் வரிசைக்கு இரண்டாவது நெடுவரிசை ஒன்றையும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு வரி வெல்லும்.

இரண்டாவது கண்ணி, பழைய தரவு புதியதை மிதிப்பது. வெள்ளிக்கிழமை ஏற்றிய பிறகு, தவறிய புதன்கிழமைக் கோப்பைத் தேடிப் பிடித்து ஓட்டுகிறீர்கள்; நிபந்தனை ஏதும் இல்லாவிட்டால் "டெலிவர் ஆனது" என்றிருந்த ஆர்டர் "பேக் செய்யப்படுகிறது" என்ற நிலைக்குத் திரும்பிவிடும். வருகிற வரியின் நேரம் இலக்கில் உள்ளதைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையை மெர்ஜில் சேர்த்தால் இது நின்றுவிடும். இலக்கும் போஸ்ட்கிரெஸ் என்றால், மெர்ஜ் 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. ஒரே நேரத்தில் பல ஜாப்கள் எழுதும் அட்டவணைக்கு, 9.5 பதிப்பு முதல் இருக்கும் ஆன் கான்ஃபிளிக்ட் முறையே (கீ மோதினால் செருகாமல் புதுப்பிப்பது) அங்கு பாதுகாப்பானது. இரு ஜாப்கள் ஒரே கீயை ஒரே நேரத்தில் செருக முயன்றால், மெர்ஜ் தனித்தன்மைப் பிழை தந்து நிற்கக்கூடும்.

வாட்டர்மார்க்கை எப்போது சேமிப்பது என்பதில் தயக்கமே வேண்டாம். தரவு எழுதி முடிந்த பிறகு, இயன்றால் அதே டிரான்சாக்‌ஷனுக்குள். தரவு ஏறி வாட்டர்மார்க் நகராவிட்டால் மறு ஓட்டம் அதைச் சரிசெய்துவிடும். வாட்டர்மார்க் நகர்ந்து தரவு ஏறாவிட்டால் இழப்பு வெளியே தெரியவே தெரியாது.

மூலத்தில் அழிக்கப்பட்ட வரியை எந்த வாட்டர்மார்க்காலும் காண முடியாது, ஏனெனில் காண்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அழிப்பதற்குப் பதிலாக "அழிக்கப்பட்டது" என்று குறியிடும்படி மூலக் குழுவைக் கேட்கலாம். அல்லது டெபீசியம் போன்ற கருவியால் தரவுத்தளத்தின் மாற்றப் பதிவையே படிக்கலாம். போஸ்ட்கிரெஸில் அப்படிப் படிக்கும்போது ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (எதுவரை படிக்கப்பட்டது என்று மூலம் வைத்திருக்கும் குறியை) கண்காணியுங்கள். படிப்பவர் நின்றுவிட்டால், வால் (WAL) எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்புகள் சேர்ந்து மூலத்தின் வட்டை நிரப்பிவிடும்.

எழுதி முடித்ததும் சோதனை. ஒரே இடைவெளிக்கு ஜாபை அடுத்தடுத்து இரு முறை ஓட்டி, வரி எண்ணிக்கையையும் முக்கியமான தொகை நெடுவரிசையின் கூட்டலையும் ஒப்பிடுங்கள். பிறகு எழுதிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மூன்றாவதாக, இன்றைய நாளை ஓட்டிய பின் நேற்றைய நாளை ஓட்டுங்கள். பழைய தரவு புதியதை மிதிக்கும் பிழை இந்த மூன்றாவதில்தான் அகப்படும். ஆனாலும் பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஏற்கெனவே இரட்டை வரிகள் ஏறிவிட்டன என்றால், முதலில் ஜாபின் கால அட்டவணையை நிறுத்துங்கள். அடுத்து, பிழை தொடங்குவதற்கு முந்தைய கணத்தின் நிலையை உடனே தனி அட்டவணையாக நகலெடுங்கள். இதற்கு அவகாசம் குறைவு: ஸ்னோஃப்ளேக்கில் பழைய நிலை இயல்பாக 1 நாள் மட்டுமே கிடைக்கும், எண்டர்பிரைஸ் பதிப்பில் 90 நாள் வரை நீட்டலாம், பிக்குவெரியில் இயல்பாக 7 நாள், டெல்டாவில் பழைய கோப்புகளைத் துடைக்கும் வேக்யூம் ஓடினால் 7 நாளுக்கு முன் கழிந்த கோப்புகள் இயல்புநிலையில் அழிக்கப்படும், ஆகவே அந்த ஜாபையும் சேர்த்து நிறுத்துங்கள். நகல் கையில் வந்த பிறகு, அதன் மேல் திருத்திய ஜாபைக் கொண்டு விடுபட்ட நாள்களை வரிசையாக ஓட்டி, எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே பழைய அட்டவணையின் பெயருக்கு மாற்றுங்கள்.